விடைத்தாள் எண் ஒன்பது

மானுட வரலாற்றில் இன்றைய தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நாட்டிலேயே உயர்ந்தது என்று தன்னைத் தானே ஒப்புக்கொண்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில், ஏசி சத்தம் மட்டும் போடும் கூட்ட அறையில், 'ஏ' என்னும் எழுத்து தன் பழைய மானத்தோடு மீட்கப்படவிருக்கிறது. மீட்பதற்கு ஏழு பேர். பிஸ்கட் உண்டு.

எப்படி இந்த நிலைமை வந்தது என்று போன வாரமே பார்த்தோம். போன பருவத்தில் நூற்றுக்கு அறுபத்தெட்டு பேர் 'ஏ' கிரேடு வாங்கியிருப்பதாக ஓர் அறிக்கை வெளிவந்தது. பிள்ளைகள் ஒருவேளை நன்றாகப் படித்திருக்கலாமோ என்ற சந்தேகம் யாருக்கும் எழவில்லை. தரம் செத்துவிட்டது என்று முடிவாயிற்று. தர மீட்புக் குழு அமைந்தது. இனி நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் 'ஏ' கிடையாது. இந்தப் பருவத்தில் ஏற்கெனவே போட்ட கிரேடுகளையும் எண்ணிப் பார்த்து, மிச்சப் பேரை 'பி'யில் இறக்கிவிட வேண்டும் என்று விதி எழுதப்பட்டது.

குழுத் தலைவர், நம் பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அரை மார்க்'. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் வெப்பவியல் தாளில் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதிவிட்டான். பேராசிரியர் மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு தேடினார். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி இல்லை. அரை மார்க் போயிற்று. இருபத்தாறு வருட வேலையில் அவர் யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

விதியை நிறைவேற்றுமுன் சான்று ஒன்று வேண்டும் என்று டீன் கேட்டிருந்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் உசத்தி என்று எல்லோரும் சொல்கிறோமே, காட்ட வேண்டாமா என்றார். ஆகவே ஒரு சோதனை ஏற்பாடாயிற்று. பழைய விடைத்தாள் பத்து, இந்தப் பருவத்து விடைத்தாள் பத்து. பெயர் இல்லாமல், வருடம் இல்லாமல், எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, கலைத்துப் போட்டு, ஒன்று முதல் இருபது வரை எண் கொடுப்பது. எது எந்தக் காலம் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது.

ஒரே கேள்விக்கான விடைகளாக இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதில் சிரமமே இல்லை. வெப்பவியல் தாளின் ஐந்தாம் கேள்வி முப்பத்தோரு வருடமாக மாறவில்லை. தரம் என்றால் அதுதான்.

குழுவில் ஏழு பேர். ஆறு பேருக்கு அவசர வேலை. இருபதையும் பேராசிரியரே திருத்தினார்.

காலையில் அந்த விடைத்தாள் கட்டைச் சாப்பாட்டு மேசையில் தன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டு மூன்று தாள் பாக்கி. எதிரே மகள். அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் வருடம். ஆய்வகப் பாடத்தில் 'ஏ' வாங்கியிருக்கிறாள். அந்த 'ஏ' இருந்தால்தான் அடுத்த வருடம் சிறப்பு ஆய்வகத்தில் இடம். வகுப்பில் நாற்பது பேர். விதி வந்தால் எட்டுப் பேருக்குத்தான் 'ஏ'. அவள் பன்னிரண்டாவது.

"அப்பா, பன்னெண்டாவதா வந்த ஆளு தப்பாச் செஞ்சதா அர்த்தமா?"

"இல்லம்மா. எட்டாவது ஆளு நல்லாச் செஞ்சதா அர்த்தம்."

"ரெண்டு பேருக்கும் நடுவுல கால் மார்க்குதான்."

"கால் மார்க்குங்கறது சின்ன விஷயமில்ல" என்றார், அரை மார்க்கை வைத்து ஒரு வாழ்க்கையையே கட்டி எழுப்பியவர். "சுருங்கச் சொன்னா..."

வீட்டில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. இனி நேரமாகும். பேராசிரியர் தரத்தின் வரலாற்றை அதன் பிறப்பிலிருந்து தொடங்கினார். மகள் இரண்டு காலுக்கும் ஷூ மாட்டி நாடாவும் கட்டி முடித்தாள். அவருடைய மனைவி தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கினார். தரம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

"மூணு மணிக் கூட்டத்துக்கு நானும் வரணும்" என்று மட்டும் மனைவி சொன்னார். "கவர் என்கிட்டதான் இருக்கு."

அந்தக் கவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராசிரியரின் மனைவி அதே பல்கலைக்கழகத்தின் பதிவறைக் கண்காணிப்பாளர். தரைத்தளத்தில் ஜன்னலில்லாத நீண்ட அறை, இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு வருடத்தின் விடைத்தாள் கட்டுகள். பல்கலைக்கழகம் எதையும் தூக்கிப் போடாது. ஓய்வுபெற்ற பேராசிரியர்களையே வைத்திருக்கிறது, தாள் என்ன பாவம் செய்தது?

எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தயாரித்துக் கவரில் போட்டு ஒட்டித் தருவது கண்காணிப்பாளரின் பொறுப்பு. எந்த வருடத்துக் கட்டு என்று டீன் ஒரு டப்பாவிலிருந்து சீட்டெடுத்தார். முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய கட்டு வந்தது. அதில் முதல் பத்துத் தாள். பத்தில் எண் நான்கு என்று இப்போது அழைக்கப்படுவது பேராசிரியர் மாணவராக இருந்தபோது எழுதியது. எண் ஒன்பது, அவரோடு அதே அறையில், மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்து கண்காணிப்பாளர் எழுதியது.

அவர்கள் ஒரே வகுப்பு. இது ஊரறிந்த விஷயம்தான். ஊருக்கு மறந்துபோன விஷயமும் கூட.

இப்படி நேரலாம் என்று சோதனை விதியிலேயே எழுதியிருந்தது. இப்போது இங்கே வேலை பார்ப்பவர்களின் தாள் வந்தால், கவரை ஒட்டுவதற்குள் கண்காணிப்பாளர் விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம். ஆனால் நீக்கினால் எல்லோரையும் நீக்க வேண்டும். ஒருவரை எடுத்து ஒருவரை விடக் கூடாது. பட்டியலில் இரண்டு கோடு கிழித்தால் போதும். ஒரு வாரமாகப் பட்டியல் மேசை டிராயரில் இருக்கிறது. நாளைக்குக் கிழிக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். இன்றுதான் அந்தக் கடைசி 'நாளை'.

பதினொரு மணிக்கு போன் அடித்தது. மேலே மூன்றாம் மாடியிலிருந்து பேராசிரியர்.

"வேலையா இருக்கியா?"

"சொல்லுங்க."

"இப்பத்தான் கடைசியா எடுத்த ஒம்பதாம் நம்பரை முடிச்சேன்." குரலில் இருந்த மலர்ச்சியைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று கண்காணிப்பாளருக்கு ஞாபகமில்லை. "அந்தக் கம்பிக் கேள்வி தெரியுமில்ல? ஒரு முனையைச் சூடு பண்றாங்க, இன்னொரு முனை வழியா வெப்பம் வெளிய போகாது. அந்த இன்னொரு முனையைக் கணக்குல கொண்டுவரத்தான் எல்லாரும் நாலு பக்கம் முட்டி மோதறாங்க. இவன் என்ன பண்றான் தெரியுமா? அந்த முனைக்கு அப்பால அதே மாதிரி இன்னொரு கம்பி இருக்கறதா வெச்சுக்கறான். கண்ணாடியில தெரியற மாதிரி. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா நடுவுல வெப்பம் எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கமும் போகாது. முடிஞ்சுது. அரைப் பக்கம்."

"இவன்னு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"பையன்னு."

"சரி, இவர். யாரா இருந்தா என்ன. நூத்துக்கு நூறு போட்டுட்டேன்."

கண்காணிப்பாளர் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார்.

"அரை மார்க்கு?"

"எடுக்க இடமில்ல. தேடிப் பாத்தேன்."

மற்றவை எப்படி என்று கேட்டார். மற்றவை பரவாயில்லையாம். நாலாம் நம்பரைத்தான் தாங்க முடியவில்லையாம். "இந்தக் காலத்துப் பய, சந்தேகமே இல்ல. வாத்தியார் நோட்ஸை வரி விடாம ஒப்பிச்சிருக்கான். சொந்தமா ஒரு மூச்சு கூட விடல. 'சுருங்கச் சொன்னால்'னு ஆறு இடத்துல எழுதியிருக்கான், ஒரு இடத்துலயும் சுருங்கல. படிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும்னு ஒரு இரக்கம் வேண்டாம்?"

"என்ன போட்டீங்க?"

"சி. அதுவும் பாவம் பாத்து."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டுப் பேனாவையும் மூடியாச்சு."

திருத்தியவர் கையெழுத்துப் போட்டபின் மாற்ற முடியாது. அதுவும் அவரே எழுதிய விதி. கண்காணிப்பாளர் போனை வைத்துவிட்டு, எழுந்து போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தப் பழைய கட்டை எடுத்து வந்தார்.

ஒரு மணிக்கு மகள் சாப்பிட வந்தபோது இரண்டு தாளும் மேசைமேல் விரித்துக் கிடந்தன. இதையெல்லாம் அவளுக்குக் காட்டுவது முறையல்ல. கண்காணிப்பாளர் முதலில் கதவைச் சாத்தினார், பிறகு காட்டினார்.

அப்பாவுடையதைப் பார்த்ததும் மகளுக்குப் புரிந்துவிட்டது. நீலம், கறுப்பு, பச்சை, சிவப்பு என்று நாலு மையில் தலைப்புகள்; அளவுகோல் வைத்து இழுத்த அடிக்கோடுகள். முதல் பக்கத்திலேயே 'சுருங்கச் சொன்னால்' வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. மேலே பழைய ஆசிரியரின் கையெழுத்து: 'மிக அருமை. வரிக்கு வரி வகுப்பில் சொன்னபடி. ஏ.'

இதற்கு இன்றைக்குக் கிடைத்திருப்பது 'சி' என்று கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அம்மா, இதை எடுத்துடும்மா."

"ஏன்? இது வெளிய வந்தா விதி நிக்காது. உன் ஏ தப்பிக்கும்."

"எனக்குப் பன்னெண்டாவது இடம் பழகிடும். அவருக்குச் சி பழகாது. ஏழு பேரு முன்னாடி, பாவம்."

கண்காணிப்பாளர் மகளையே ஒரு நிமிடம் பார்த்தார். வளர்த்தது வீண்போகவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். அது அவருடைய காரியத்தை இன்னும் கஷ்டமாக்கியது.

"அதை எடுத்தா இதையும் எடுக்கணும்" என்று மற்றத் தாளை நகர்த்தி வைத்தார்.

அரைப் பக்கம். ஒரே மை. ஒரு சின்னப் படம்: ஒரு கம்பி, நடுவில் புள்ளிக்கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பி. மகள் அதை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"இது நீ எழுதினதா?"

"ம்."

"விடை சரியாத்தானே இருக்கு. அப்பறம் ஏன் பி?"

பதிலுக்கு அம்மா மேலே காட்டினார். அதே பழைய கையெழுத்து: 'விடை சரி. ஆனால் வகுப்பில் சொல்லித்தராத முறை. பி.'

அந்த வருடம் ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது 'ஏ' வாங்கியவருக்குப் போயிற்று. 'பி' வாங்கியவர் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று பதிவறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. இவ்வளவையும் கண்காணிப்பாளர் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னார்.

"அப்பாகிட்ட இதைச் சொன்னதே இல்லையா?"

"எப்பச் சொல்றது? நாலு வருஷம் கழிச்சு வந்து கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. அப்பப் போய் அஞ்சாம் கேள்வியைப் பத்திப் பேசவா?"

"அவர் மேல கோவமா?"

"அவர் என்ன செஞ்சாரு? ஒழுங்காப் படிச்சாரு." கண்காணிப்பாளர் பட்டியலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பக்கத்தில் அளவுகோலும் இருந்தது. "ஆனா இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவ என் தாளைச் சரியாத் திருத்தியிருக்காங்க. அதையும் என் கையாலயே அடிக்கணுமா, சொல்லு."

மகள் டிபன் டப்பாவைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு நாற்பதுக்குக் கண்காணிப்பாளர் அளவுகோலை டிராயரில் போட்டு மூடினார். கோடு கிழிக்காத பட்டியலைக் கவரில் வைத்து, பசை தடவி, முத்திரை குத்தினார்.

கூட்டம் தொடங்கியதும் கால் மணி நேரத்துக்குப் பேராசிரியர் பேசினார். அந்தக் காலத்தில் நூலகத்தில் இடம் கிடைக்காததை, மாணவர்கள் நின்றுகொண்டே படித்ததை, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கக்கூட நேரமில்லாமல் இருந்ததை விவரித்தார். ஆறு பேரும் தலையசைத்தார்கள். அவர்களில் நாலு பேர் அந்தக் காலத்தில் அரியர் வைத்தவர்கள்.

பிறகு தாள்களுக்கு வந்தார். எல்லாவற்றையும் வாசித்து நேரத்தை வீணாக்கப் போவதில்லை என்றும், இரண்டே இரண்டு போதும் என்றும் சொல்லி, ஒன்பதின்மேல் தான் எழுதிய குறிப்பை எழுந்து நின்று வாசித்தார்: "நூறு. இந்த மாணவர் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள நான் தயார்." அடுத்து நாலைத் தூக்கிக் காட்டினார். மனப்பாடம், வளவளப்பு, சி. முன்னது அந்தக் காலம், பின்னது இந்தக் காலம், இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தார்.

டீன் கவரைப் பிரித்தார். ஒன்பதாம் எண்ணுக்கு நேராக விரலை வைத்தார். முப்பத்தோரு வருடத்துக்கு முந்தையது என்றார். பேராசிரியர் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். டீன் பெயரை வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்குப் பட்டது. கண்ணாடியைக் கழற்றி, மேசையின் கோடியில் கதவருகே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் கண்காணிப்பாளர்.

பேராசிரியர் திரும்பினார். கிட்டத்தட்ட முப்பது வருடமாகத் தினமும் பார்த்த முகத்தை முதல் வரியிலிருந்து படிக்கிறவர்போல் பார்த்தார்.

டீன் நாலாம் எண்ணையும் பார்த்துவிட்டார். பார்த்ததும் தண்ணீர் குடித்தார்.

"வாசிங்க" என்றார் பேராசிரியர்.

ஒரு சின்னக் குழப்பம் இருப்பதாகவும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் டீன் சொன்னார். பேராசிரியர் கையை நீட்டிப் பட்டியலை வாங்கித் தானே பார்த்தார். ஆறு பேரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். தட்டச்சில் ஏதாவது பிழை நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல்காரர் சொன்னார். கையெழுத்தின் அழகு தட்டச்சில் தெரியாமல் போய்விடுகிறது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். தலைவர் விரும்பினால் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி பரிசீலிக்கலாம், விதியைச் சற்றுத் தளர்த்தலாம் என்றார் டீன்.

பேராசிரியர் நாலாம் தாளை எடுத்தார். நாலு பக்கத்தையும், ஆறு 'சுருங்கச் சொன்னால்' உட்பட, ஒரு வரி விடாமல் படித்தார். இத்தனை வாரமாக அவரைப் பார்த்துச் சிரித்துவரும் வாசகர்கள் அடுத்த இரண்டு வரிகளுக்கு மட்டும் அவரை விட்டுவிடலாம்.

"மார்க் சரிதான்" என்றார். "அரை மார்க் கூட ஏத்த முடியாது."

அதன் பிறகு குழு தன் வேலையைச் செய்தது. பழைய பத்தில் 'ஏ' பெறத் தக்கவை மூன்று, புதிய பத்தில் நாலு. இதிலிருந்து எதையும் சொல்ல முடியாது என்று புள்ளியியல்காரர் சொன்னார். அதைச் சொல்ல இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். விதி நிறைவேறவில்லை, கைவிடப்படவும் இல்லை. அடுத்த பருவத்துக்குள் ஆராய்ந்து சொல்ல ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. ஏழு பேர் குழுவின் துணைக்குழுவில் ஒன்பது பேர். மகளின் 'ஏ' அதுவரை உயிரோடு இருக்கும்.

எழுந்திருக்கும் நேரத்தில் டீனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தலைவர் கையெழுத்திட்ட குறிப்பில் ஒன்பதாம் எண்ணை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்று இருக்கிறது. நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற வேண்டும். "அது நிக்குதா, எடுத்துடலாமா?"

"நிக்குது" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

கண்காணிப்பாளர் தன் பேனாவை மூடிக் கைப்பையில் வைத்தார். "கைடு எப்படிப்பட்டவர்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

ஆறு பேரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. கண்காணிப்பாளரும் சிரிக்கவில்லை என்பதை அவர் மட்டும் கவனித்திருந்தார்.

ஐந்து மணிக்குப் பதிவறையை மூடும் நேரம். வழக்கமாகப் பேராசிரியர் வெளியே வண்டியருகே நின்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். இன்று உள்ளே வந்தார். பக்கக் கதவு வழியாக அல்ல. மாணவர்கள் நிற்கிற கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் அலமாரிக்குப் பின்னால் ஏணியில் நின்றுகொண்டு, அங்கே தான் இல்லை என்று பாவனை செய்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல."

"சுருங்கச் சொன்னா..." என்று ஆரம்பித்தார். ஏணியில் இருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் வாயை மூடினார். அந்த இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு அவர் எதுவும் சொல்லாமல் நிறுத்தியது அதுவே முதல் தடவை.

கவுண்டர் ஓரத்துப் பெட்டியிலிருந்து மறுமதிப்பீட்டு விண்ணப்பம் ஒன்றை உருவினார். நின்றபடியே எழுதினார். மாணவர் பெயர் என்ற இடத்தில் மனைவியின் பெயர். பாடம், வெப்பவியல். கேள்வி எண், ஐந்து. கொடுக்கப்பட்ட கிரேடு, பி. கொடுத்திருக்க வேண்டியது, ஏ. காரணம் என்று ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள். 'திருத்தியவருக்குப் புரியவில்லை' என்று ஒரே வரியில் எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, கம்பிக்கு அடியில் தள்ளினார்.

கண்காணிப்பாளர் கட்டைக் கீழே வைத்தார். விண்ணப்பத்தை எடுத்து, யாருடையதானாலும் செய்வதுபோல், முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் படித்தார். மறுபடி முன்பக்கத்தில், காரணம் என்ற வரியில், கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு நாள்காட்டியைப் பார்த்தார்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடிவு வெளியான நாளிலிருந்து பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அது முடிந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது.